பிழை யாருடைய நினைவில்?

எங்கள் ஊர்ப் பாடசாலையின் வருடாந்த மலரைப் பல வருடங்களாக நான்தான் கணனியில் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்துக் கொடுத்து வருகிறேன். 2024 நவம்பரில் அந்த மலரின் அச்சுப்படி திருத்தப்பட்டு என் கைக்குத் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தேன். சிவப்பு மையில் பதினொரு வட்டங்கள்!

முன்னெல்லாம் இரண்டு, மிஞ்சினால் மூன்று வட்டங்கள் இருக்கும். "நீங்க அடிச்சா புரூப் பார்க்கவே தேவல்ல" என்று மலராசிரியை வாய் நிறையச் சொன்னவர். இம்முறை ஒன்றுமே சொல்லாமல் தாளை நீட்டினார். அந்த மௌனம்தான் என்னைச் சுட்டது.

ஊர் வரலாற்றுக் கட்டுரையில் 'ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தார்' என்றிருக்க வேண்டியது 'குலம் வெட்டிக் கொடுத்தார்' என்றிருந்தது. அதிபரின் ஆசிச் செய்தியில் 'கல்வியின் மணம் எங்கும் பரவட்டும்' என்பது 'கல்வியின் பணம் எங்கும் பரவட்டும்' என்று நின்றது. அச்சாகி வெளியே போயிருந்தால் அந்த மனிதர் ஊருக்குள் எப்படித் தலைகாட்டியிருப்பார்?

"கண்ணாடிய மாத்துங்க. எல்லாருக்கும் வயசு போகுதுதானே" என்றார் கணவர். கண் பரிசோதனைக்குப் போனேன். பழைய இலக்கமே போதும், மாற்றத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. கண்ணில் கோளாறு இல்லையென்றால் வேறு எதில்?

இந்த இடத்தில் உங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் உம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்தது. அது தொடங்கிய விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறிக்கு இரண்டு தடவை உப்புப் போடுவார். பக்கத்து வீட்டாரின் பெயரை மாற்றிச் சொல்வார். சின்னச் சின்னப் பிழைகள். நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டோம். அந்தப் பதினொரு வட்டங்களையும் பார்த்தபோது எனக்கு உம்மாவின் உப்புத்தான் நினைவுக்கு வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இரவில் விழித்திருந்து, பாடசாலையில் என்னோடு படித்தவர்களின் பெயர்களை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டிசம்பர் விடுமுறைக்குக் கெம்பஸிலிருந்து மகள் வந்தாள். மலருக்கான புகைப்படங்களைத் திறந்து பார்த்தவள், "இது என்ன உம்மா?" என்று கேட்டாள். இல்ல விளையாட்டுப் போட்டிப் படம் ஒன்றின் கீழ்ப் பாதியில் பச்சை நிறத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள். பிறகு நான் பழைய தாள்களைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். ஒக்டோபரில் நானே அச்செடுத்து வைத்திருந்த முதற்படியில் 'மணம்' என்றுதான் இருந்தது. 'குளம்' என்றுதான் இருந்தது. அதன்பிறகு அந்தப் பக்கங்களில் படங்களை நகர்த்தினேனே தவிர, எழுத்தில் நான் கைவைக்கவில்லை.

மகள் ஒரு பென் டிரைவில் மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்ற இலவசச் சோதனை மென்பொருளைப் போட்டு, கணனியை அதிலிருந்து இயக்கினாள். அது கணனியின் நினைவகத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்ப வாசித்துப் பார்க்கும். இருபது நிமிடம் போகவில்லை, திரையில் சிவப்பு வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின.

"ஒங்கட கண்ணுல ஒண்டும் இல்ல உம்மா. கம்பியூட்டர்ட நினைவுலதான் பிழை" என்றாள் அவள்.

அவள் ஏதோ சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டு ரேம் தகடுகளில் ஒன்று பழுது. அதைக் கழற்றிவிட்டதும் மற்றது ஒரு பிழையும் காட்டவில்லை. பாதி நினைவகத்தோடு அந்தப் பழைய கணனி ஆமை போல நகர்ந்தது. ஆகவே புதுக் கணனி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கி, மகளே பூட்டித் தருவதென்று முடிவானது. எனது சீட்டுப் பணம் அதற்குப் போயிற்று. "எல்லாத்தையும் நீ தெரிவு செய். ஆனா ரேம் விஷயத்துல மட்டும் எனக்கு விளங்கப்படுத்திட்டு வாங்கு" என்று நிபந்தனை போட்டேன். பட்டவளுக்குத்தானே தெரியும்!

அவள் விளங்கப்படுத்தியதை, எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன்.

நாம் ஒரு கோப்பைத் திறந்து வேலை செய்யும்போது அது ரேமில்தான் இருக்கிறது. ரேமுக்குள் கோடிக்கணக்கான மிகச் சிறு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் துளி மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த அமைப்பை ஐபிஎம் நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்ட் கண்டுபிடித்து, 1968 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இந்தக் கிண்ணங்களில் ஒரு குறை உண்டு. அவை ஒழுகும். அதனால் ஒழுகி முடியுமுன் வாசித்து வாசித்து மீண்டும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டிடிஆர்4 வகையில் இது 64 மில்லி செக்கனுக்கு ஒரு தடவை, அதாவது ஒரு செக்கனுக்குள் பதினைந்து தடவைக்கு மேல். டிடிஆர்5 வகையில் அதைப் போல இரு மடங்கு. ஒரு கிண்ணம் பழுதாகி வேகமாக ஒழுகினால், 1 என்று வைத்தது 0 ஆகிவிடும்.

சரி, அதற்கும் 'மணம்' பணமானதற்கும் என்ன தொடர்பு? கணனிக்குள் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் யுனிகோட் முறையில் ஓர் இலக்கம் உண்டு. 'ல'வின் இலக்கம் 2994. 'ள'வின் இலக்கம் 2995. கணனி இவற்றை ஒன்றும் பூச்சியமுமாக எழுதினால் கடைசி ஓர் இடத்தில் மட்டுமே வித்தியாசம். 'ர' 2992, 'ற' 2993. 'ந' 2984, 'ன' 2985. இவையும் அப்படித்தான். 'ம' 2990, 'ப' 2986. இங்கே பின்னாலிருந்து மூன்றாம் இடத்தில் உள்ள 1, 0 ஆனால் போதும், 'ம' 'ப' ஆகிவிடும். எழுத்தறிவு இல்லாத ஒரு கிண்ணம் ஒழுகினால், நன்கு தமிழ் தெரிந்தவர் விட்ட எழுத்துப்பிழை போலவே அது வந்து நிற்கும்! பழி தட்டச்சு செய்தவளின் தலையில் விழும்.

பதினொரு வட்டங்களையும் ஒக்டோபர் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நான்கு பிழைகள் அந்தத் தாளில் இல்லாதவை. மீதி ஏழும் நானே விட்டவை. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அதிசயமல்ல. 2003 மே மாதம் பெல்ஜியத் தேர்தலில், பிரஸல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பேக் என்ற பகுதியில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு இயந்திரம் காட்டிய வாக்குகள் கிடைக்கவே முடியாத அளவுக்கு அதிகமாக இருந்தன. திரும்ப எண்ணியபோது சரியாக 4096 வாக்குகள் கூடியிருந்தது தெரியவந்தது. 4096 என்பது இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வரும் எண், அதாவது நினைவகத்தில் ஒரே ஓர் இடம் 0 இலிருந்து 1 ஆனால் கூடுகின்ற தொகை. மென்பொருளில் தவறு காணப்படவில்லை. நினைவகத்தில் ஓர் இடம் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்றே கருதப்பட்டது. 2009 இல் கூகுள் நிறுவனத்தின் கணனிகளை வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்ட ரேம் தகடுகள் ஒரு பிழையாவது காட்டியிருந்தன. அந்தக் கணனிகளில் பிழையைக் கண்டு திருத்தும் ஈசிசி வகை நினைவகம் இருந்ததால்தான் அது எண்ணிக்கையாகத் தெரிந்தது. நம் வீட்டுக் கணனிகளில் பெரும்பாலும் அது இல்லை. எனவே பிழை வந்தாலும் சத்தமில்லாமல் வந்துவிட்டுப் போகும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் பம்பலப்பிட்டிக்குப் போனோம். கடையில் நின்ற தம்பி நல்ல பிள்ளை. மேசைமேல் கண்ணைப் பறிக்கும் பெட்டிகளை அடுக்கினார். "அன்ட்டி, இது 7200. இது 8000. வெளிச்சமும் மாறி மாறி எரியும். நாலு தகடு போட்டா பார்க்கவும் வடிவு" என்றார்.

மகள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். நாங்கள் வாங்கவிருந்த மதர்போர்டின் உற்பத்தியாளர், எந்தெந்த ரேம்களைப் போட்டுச் சோதித்துப் பார்த்தோம் என்று வெளியிடும் பட்டியல் அது. ரேமின் முழு மாதிரி இலக்கத்தையும் எழுத்துக்கு எழுத்து அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். கடைசி ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பொருள். பெண் பார்க்கப் போனால் பெயரை மட்டுமா கேட்போம், வாப்பா யார், ஊர் எது என்றும் கேட்போமல்லவா? அது போலத்தான்.

பெட்டியின்மேல் உள்ள 6000, 7200 என்பவை ஒரு செக்கனுக்கு எத்தனை மில்லியன் தடவை தரவு கைமாறும் என்பதைக் காட்டும் எண்கள். அதற்குப் பக்கத்தில் சிஎல் 30, சிஎல் 40 என்று இன்னொரு சின்ன எண் இருக்கும். கேட்ட பொருளை எடுத்து நீட்டுவதற்கு ரேம் எத்தனை சுற்றுக் காத்திருக்கும் என்பதை அது சொல்லும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சின்ன எண்ணை 2000 ஆல் பெருக்கிப் பெரிய எண்ணால் வகுத்தால், காத்திருக்கும் நேரம் நனோ செக்கனில் வரும். 6000 உம் சிஎல் 30 உம் என்றால் 10. அதே 6000 இல் சிஎல் 40 என்றால் 13.3. பழைய டிடிஆர்4 இல் 3200 உம் சிஎல் 16 உம் என்றால் அதுவும் 10 தான்! ஒரு செக்கனுக்கு அள்ளி வரும் அளவில் புதியது முந்தும், அது உண்மை. ஆனால் பெரிய எண்ணைப் பார்த்ததுமே எல்லாம் இரு மடங்கு வேகம் என்று நாம் மயங்க வேண்டியதில்லை.

அடுத்தது, தகடுகளின் எண்ணிக்கை. மதர்போர்டில் நான்கு துவாரங்கள் இருந்தாலும், புரொசெசரிலிருந்து போகும் பாதைகள் இரண்டுதான். நான்கு தகடு போட்டால் ஒவ்வொரு பாதையும் இரண்டைச் சுமக்கும். எங்கள் புரொசெசருக்கு அதன் நிறுவனம் உறுதி சொல்லும் வேகம், இரண்டு தகடு போட்டால் 5600. நான்கு போட்டால் வெறும் 3600. ஆகவே 32 ஜிபி வேண்டுமென்றால் 16 ஜிபியாக இரண்டு. 64 வேண்டுமென்றால் 32 ஆக இரண்டு. அவையும் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்தவையாக இருக்க வேண்டும். இன்று ஒன்று, அடுத்த வருடம் ஒன்று என்று வாங்கிச் சேர்த்தால், பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சிப் வேறாக இருக்கலாம்.

மூன்றாவது, பெட்டியில் எழுதிய வேகம் தானாக வருவதில்லை. பூட்டியவுடன் ரேம் 4800 போன்ற பொது வேகத்தில்தான் ஓடும். பயோஸ் அமைப்புக்குள் போய், இன்டல் எக்ஸ்எம்பி என்றும் ஏஎம்டி எக்ஸ்போ என்றும் பெயரிட்டிருக்கும் அமைப்பை நாம் இயக்க வேண்டும். அப்போது ரேமுக்குப் போகும் மின்னழுத்தமும் பொதுவான 1.1 வோல்ட்டிலிருந்து 1.35 போன்ற அளவுக்கு ஏறும். சுருங்கச் சொன்னால், அது புரொசெசர் நிறுவனம் உறுதி சொல்லும் எல்லையைத் தாண்டிப் போகும் ஓட்டம். ஓடலாம், ஓடாமலும் விடலாம்.

பட்டியலில் இருந்த 6000, சிஎல் 30, 16 ஜிபி ஜோடி ஒன்றை வாங்கினோம். வெளிச்சம் எரியாத, உயரம் குறைந்த வகை. உயரமாக இருந்தால் புரொசெசரின் விசிறியில் இடிக்குமாம். "வடிவில்லையே அன்ட்டி" என்று அந்தத் தம்பி வருந்தினார்.

வீட்டில் மகள் எல்லாவற்றையும் பூட்டினாள். புரொசெசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் துவாரங்களில் ரேமை அழுத்தி, 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை பொருத்தினாள். ஆளியைப் போட்டோம். விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்... என் சீட்டுப் பணம் முழுக்கப் போய்விட்டது என்றே நினைத்தேன். "தொடாதீங்க உம்மா, ரேமோட பழகிக்கொண்டிருக்குது" என்றாள். டிடிஆர்5 முதன்முதலாக இயங்கும்போது எந்த அழுத்தத்தில், எந்த நேர இடைவெளியில் பேசுவது என்று மதர்போர்டு அளந்து பார்க்குமாம். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டு நிறுத்தினால் திரும்பவும் தொடக்கத்திலிருந்துதான். கடைசியில் திரை வெளிச்சமானது. கணவர்தான் முதலில் கைதட்டினார்.

உம்மா புதுச் சட்டி வாங்கினால் அன்றே அடுப்பில் ஏற்ற மாட்டார். தண்ணீர் நிரப்பி, காய்ந்த பலகையின் மேல் ஓர் இரவு வைப்பார். விடிந்ததும் சட்டியைத் தூக்கிப் பலகையைத் தடவிப் பார்ப்பார். ஒரு பக்கமாக ஈரக் கோடு தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது என்று அர்த்தம். 6000 வேகத்தை இயக்கி, மெம்டெஸ்டை ஓடவிட்டு, நாங்களும் அந்த இரவு படுத்தோம்.

விடியற்காலையில் நான்தான் முதலில் எழுந்து பார்த்தேன். இரண்டு சிவப்பு வரிகள்.

மகளின் முகம் வாடிப்போயிற்று. "ராத்திரி முழுக்க ரெண்டே ரெண்டுதானே உம்மா... அன்றாட வேலைக்கு அது தெரியவும் மாட்டாது" என்றாள். அவள் பட்டியல் பார்த்து, கணக்குப் பார்த்துத் தெரிவு செய்த பொருள். அவளுடைய மனது எனக்கு விளங்கியது. ஆனாலும், "மணம் பணமாக ஒரு பிழை போதும் மகள்" என்றேன்.

பொது வேகமான 4800 இல் மறு இரவு ஓட்டினோம். ஒரு பிழையும் இல்லை. அப்படியானால் தகட்டில் பழுது இல்லை, அந்த வேகம்தான் எங்கள் கணனிக்குத் தாங்கவில்லை. பயோஸைப் புதுப்பித்து மீண்டும் 6000 இல் பார்த்தோம். விடியும்போது ஒரு பிழை. பிறகு மற்ற எண்களை அப்படியே வைத்து, வேகத்தை மட்டும் 5600 ஆகக் குறைத்தாள். இரண்டு இரவுகள் ஓடியது. பலகை காய்ந்தே இருந்தது.

உத்தரவாதம் இருந்தபடியால் கடையில் கொடுத்து மாற்றிக் கேட்டிருக்கலாம். மகளுக்கு விடுமுறை முடிந்துகொண்டிருந்தது, எனக்குப் பாடசாலை மலர் காத்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். காத்திருக்கும் நேரம் 10 நனோ செக்கனிலிருந்து 10.7 ஆகக் கூடியிருந்தது. ஒரு செக்கனைப் நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துண்டு கூட இல்லை! அதை விட்டுக்கொடுத்து, இரவில் நிம்மதியாகத் தூங்குவதை வாங்கிக்கொண்டேன். எனக்கு அது இலாபமான வியாபாரம்.

பழைய கணனி விட்டுப்போன ஒரு தலைவலியையும் சொல்ல வேண்டும். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்த பிரதிகள் பலவற்றிலும் அதே பச்சைப் பட்டைகள்! பழுதான ரேம் வழியாகப் போன பிரதியும் பழுதாகத்தான் போகும். அதற்கு முந்திய வருடம் எடுத்து வைத்த தனிப் பிரதி ஒன்று தப்பியிருந்ததால் பழைய படங்கள் கிடைத்தன. ஒரே பிரதியின் மேலேயே திரும்பத் திரும்பப் பதியாமல், இடைக்கிடை ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். காரணமில்லாமல் கணனி நின்று போனால், கோப்புகள் திறக்க மறுத்தால், படங்களில் கோடு விழுந்தால் முதலில் ரேமைச் சோதித்துப் பாருங்கள். அந்தச் சோதனைக்கு ஒரு பென் டிரைவும் ஓர் இரவும் போதும்.

2025 இன் கடைசி மாதங்களில் ரேமின் விலை உலகெங்கும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் தரவு நிலையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதே அதற்குப் பிரதான காரணம். விலை ஏறிய பொருளை வாங்கும்போது நிதானம் இன்னும் கூட வேண்டும். எவ்வளவு வேகம் என்று கேட்கும் பிள்ளையிடம், எந்த வேகத்தில் பிழையில்லாமல் ஓடும் என்றும் கேட்கச் சொல்லுங்கள். நாம் அதனிடம் ஒப்படைப்பது நம்முடைய எழுத்தை, நம்முடைய படங்களை. கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தருவதுதானே அமானிதம்?

கடந்த 2025 மலரின் அச்சுப்படி திரும்பி வந்தபோது அதில் மூன்று சிவப்பு வட்டங்கள் இருந்தன. புதுக் கணனியை நான் சந்தேகப்படவில்லை. எனது முதற்படித் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றும் அதிலும் இருந்தன. மூன்றும் என்னுடைய சொந்தப் பிழைகளே. மனது நிறைந்த சந்தோஷத்தோடு திருத்திக் கொடுத்தேன்.